கம்பி பிடிக்காதவர்களின் எடை

அலுவலகத்தில் அவருக்கு ‘இன்னொருதடவை’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நிலநடுக்கத்தைக் கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போடுவது அவர் தொழில். நடுக்கம் கட்டடத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளியதும் மேலே இருக்கும் எடை நேர்க்கோட்டை விட்டு விலகி, தன் பங்குக்கு அதுவும் சாய்க்கும். பட்ட காலிலேயே படும் என்பார்களே, அதுதான். பலர் முதல் சாய்வோடு கணக்கை மூடிவிடுவார்கள். இவர் சாய்ந்த கட்டடத்தை வைத்து இன்னொரு தடவை போடுவார், அந்த விடையை வைத்து இன்னொரு தடவை. எண் அசையாமல் நிற்கும்வரை விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது முறை இழுக்கும்போது மனைவி தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவருக்குப் பதவி உயர்வு வர இருந்தது. எல்லாருடைய கணக்கையும் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்திடும் வேலை, கூடவே ஜன்னலோர மேசை. அந்த மேசைமேல் அவருக்கு ஒரு கண் இருந்ததை மறைப்பானேன்? இருபத்திரண்டு வருடம் கழிவறைக் கதவுக்கு எதிரே உட்கார்ந்த மனுஷன்.

திங்கட்கிழமை காலை, பேருந்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேல்கம்பி இவர் கைக்குக் கிடைத்தது. பின்னால் நின்ற மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டதும் மூவரும் அப்படியே இவர் முதுகில் சாய்ந்தார்கள். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார்.

போன வாரம் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியது ஆறு மாடி மருத்துவமனை. அதில் வெளிப்புறத் தூண்கள் மட்டுமே நடுக்கத்தை எதிர்த்து நிற்பவை. உள்தூண்கள் தளத்தைச் சுமப்பதோடு சரி. கட்டடம் சாய்ந்தால் அவற்றின் எடையும் வெளித்தூண்கள் மேல்தான் சாயும். கம்பி பிடிக்காதவர்கள்! அவர் போட்ட கணக்கில் வெளித்தூண்கள் சுமக்கும் எடை மட்டும்தான் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு எடை உள்ளேயல்லவா நிற்கிறது? எழுந்து ஓட முடியாதவர்கள் படுத்திருக்கப்போகும் இடம். தரைத்தளத் தூண்களுக்கு மறுநாள் கான்கிரீட் போட இருந்தார்கள்.

அலுவலகம் போனதும் முழு எடையையும் சேர்த்துப் போட்டார். நடுக்கம் மட்டும் தள்ளினால் தரைத்தளச் சாய்வு பதினெட்டு மில்லிமீட்டர். அடுத்த தடவை இருபத்தொன்றரை. பிறகு இருபத்திரண்டே கால். கடைசியில் இருபத்திரண்டரையில் நின்றது. விதி அனுமதிப்பது இருபது. அவர் எழுதிக் கொடுத்திருந்ததோ பத்தொன்பது சொச்சம்.

அந்தக் கணக்கை வேறு மூன்று பேர் பார்த்திருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. வாயை மூடிக்கொண்டால் வியாழக்கிழமை மேசை வந்துவிடும். அந்த எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு டீ குடிக்கும் நேரம் கூடவே உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் எழுந்து மேலாளரம்மாவின் அறைக்குப் போனார்.

“மேடம், நாளைக்குக் கான்கிரீட் போடக் கூடாது. கணக்குல தப்பு. நான் பண்ணதுதான்.”

மேலாளரம்மா முதலில் போனை எடுத்துக் கட்டுமான இடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னார். அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்டார். இவர் பேருந்துக் கதையையும் விடாமல் சொன்னார். தூண்களைப் பருமனாக்கினால் போதும், எல்லாவற்றையும் மறுபடி போட மூன்று நாள் ஆகும் என்றார். அந்த அம்மா தாளை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். இவர் மனசுக்குள் மேசையைக் கைகழுவியாயிற்று.

“வரைபடத்தை விரிக்க உங்க மேசை பத்தாது” என்றார் மேலாளரம்மா. “ஜன்னல் பக்கம் போய் உக்காருங்க. இனிமே அங்கதான்.”

மாலைப் பேருந்திலும் அதே கூட்டம். இரண்டு கையிலும் பை வைத்திருந்த ஒருவர் இவர் தோளில் வந்து விழுந்து, மன்னிப்புக் கேட்டார்.

“பரவால்லைங்க, நல்லா சாய்ஞ்சுக்குங்க” என்றார் இன்னொருதடவை, கம்பியை இறுக்கிப் பிடித்தபடி. “உங்களையும் கணக்குல சேர்த்தாச்சு.”

அந்த மனிதர் பைகளை அணைத்துக்கொண்டு மெல்லத் தள்ளி நின்றார்.