கோணிப்பையில் ஒரு கம்ப்ரசர்

போன வாரம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். மாமல்லபுரம் டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து தேவராஜ் போன் செய்தான்.

"அண்ணாத்த, வண்டில ஏசி அனலா ஊதுது. இன்னா பண்றது?"

தேவராஜிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளை அம்பாசிடர். அதை நம்பித்தான் வீடு. கடற்கரை ஓட்டல் ஒன்று அவனுக்கு நிரந்தர சவாரி தருவதாகச் சொல்லியிருந்தது. ஏர்போர்ட்டில் இறங்கும் விருந்தாளிகளைக் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடும் வேலை. முதல் சவாரி சனிக்கிழமை காலை. மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றுதான் – ஏசி குளிர வேண்டும். குளிராவிட்டால்? சவாரி அடுத்த வண்டிக்குப் போய்விடும். தேவராஜ் பழையபடி ஸ்டாண்டு மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்து, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்னை ஏன் கூப்பிட்டான்? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் எட்டாவதைத் தாண்டாதவன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. மதுராந்தகத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவினேன். ராத்திரி பழைய கார் சீட்டைப் போட்டு அங்கேயே படுத்துக்கொள்ளலாம், அதுவே பாதிச் சம்பளம். பிறகு ஆக்டிங் டிரைவராகக் கல்பாக்கத்துக்காரர்களின் கார்களை ஓட்டினேன். அந்தக் கார்களை ரிப்பேருக்கு விட்ட வகையில், செங்கல்பட்டில் 'ஏசி மோகன்' எனக்குப் பழக்கம்.

அங்கேயே கூட்டிப் போனேன்.

போய் இறங்கியதும் தேவராஜ் ஒரு காரியம் செய்தான். மோகன் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. அதற்குள் –

"அண்ணே, சனிக்கெழம காலைல ஓட்டல் சவாரி. எப்டியாவது முட்ச்சி குட்த்துடு. இல்லாங்காட்டி பொழப்பே பூடும்."

நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிரயோஜனமில்லை. சொல் வெளியே வந்துவிட்டது.

மெக்கானிக் முதலில் பரிசோதிப்பது வண்டியை என்றா நினைக்கிறீர்கள்? நம் முகத்தை! இந்த ஆளுக்கு எவ்வளவு அவசரம், எவ்வளவு தெரியும் – இரண்டும் தெரிந்துவிட்டால் பில் பாதி எழுதியாகிவிட்டது. டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டலாம். ஒர்க்‌ஷாப்பில் வண்டி எப்போது வேண்டும் என்பதை மட்டும் கடைசி வரை வாயில் அடக்கி வைக்க வேண்டும்.

மோகன் எஞ்சினை ஓடவிட்டு ஏசி சுவிட்சைப் போட்டார். பானெட்டைத் திறந்து உள்ளே விரலை நீட்டினார்.

"பாரு நைனா... கம்ப்ரசர் சுத்தவே இல்ல. ஜாம் ஆயி கீது. புது கம்ப்ரசர்தான். பதினாலாயிரம் ஆவும்."

தேவராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"காஸ் எறங்கிப் போனாலும் கம்ப்ரசர் சுத்தாதே, மோகன்?" என்றேன்.

"தலைவரே, அத்தெல்லாம் பாக்காமயா சொல்வேன்? இருவது வருஷமா இன்னா செரச்சிகினா கீறேன்?"

எதை வைத்துப் பார்த்தார்? காஸ் அளக்கும் மீட்டரை மாட்டவில்லை. ஒழுகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவில்லை. ஆனால் வேறு கடைக்குப் போக நேரமில்லை. நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும்! வண்டியை அங்கேயே விட்டோம்; ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

"பழைய கம்ப்ரசர் எங்க கைக்கு வரணும்."

"வூட்டுக்கு எட்த்துனு போயி ஷோ-கேஸ்ல வையி, தலைவரே!" என்று சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

இந்த காஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணுபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார் – ஒவ்வொரு கோடைக்கும் காருக்கு ஏசி காஸ் நிரப்புகிறாராம்; 'இது நியாயமான செலவா?' என்று கேள்வி. ஐயா, அது டீசல் இல்லை... ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ஒரே வருஷத்தில் காலியானால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் நிரப்புகிறவர், அடுத்த கோடைக்கும் உங்களை எதிர்பார்க்கிறார். நம் கடற்கரையில் உப்புக் காற்று வேறு அவருக்குக் கூட்டாளி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். வண்டி தயார். தேவராஜ் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டான். பனிக்கட்டி மாதிரி காற்று வந்தது.

"சூப்பர்ணே!" என்று கத்தினான்.

மோகன் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பழைய கம்ப்ரசர். பானெட்டுக்குள்ளே கறுப்பாகப் பளபளக்கும் புது கம்ப்ரசர். எல்லாம் சரி. தேவராஜ் பணத்தை எடுத்துவிட்டான்.

ஆனால் எனக்குச் சரியில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டதுமே தூக்கிக் கொடுத்த ஒரு பொருள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஸ்பிரே பெயிண்ட் வாடை. புதுப் பொருள் கம்பெனியிலிருந்து வருகிறது... அதில் நேற்று அடித்த பெயிண்ட் வாடை எதற்கு? கையை விட்டுப் பக்கத்துப் பைப்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஸ்பிரே எட்டாத பக்கத்தில், காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது – மூன்று விரல் சந்தனம். நடுவில் குங்குமம்.

தேவராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டுக்காரர்கள் யார் வண்டியையும் விடமாட்டார்கள். பானெட்டைத் திறந்து பேட்டரி, ரேடியேட்டர், கம்ப்ரசர் என்று கைக்கு எட்டியதற்கெல்லாம் பொட்டு வைத்துவிடுவார்கள். "பெந்தகோஸ்து வூட்ல பொண்ணெடுத்தவன் வண்டிய இப்டிப் பண்ணிட்டீங்களே" என்று தேவராஜின் மனைவி ஸ்டாண்டுக்கே வந்து சண்டை போட்டது ஊரறிந்த கதை.

"தேவா, இங்க வா. இது இன்னா?"

குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"நம்ம ஸ்டாண்டு பொட்டு..."

"மோகன்," என்றேன், "புது கம்ப்ரசருக்கு கம்பெனிலயே பூஜ போட்டு அனுப்புறாங்களா?"

ஒர்க்‌ஷாப்பில் காத்திருந்த இரண்டு கார்க்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மோகனின் குரல் இறங்கிவிட்டது.

"சத்தம் போடாத தலைவரே. ஏசி குளுருதா இல்லியா?"

"குளுருது. இன்னா வேல செஞ்ச, அத்த சொல்லு."

"பைப்பு ஜாயிண்ட்ல ரப்பர் ரிங்கு அடி வாங்கி கீது. மாத்தி, காஸ் ஏத்தினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பதினாலாயிரம், ஆயிரத்து இருநூறில் வந்து நின்றது. கோணிப்பையைக் காலால் அவர் பக்கமே தள்ளினேன். யார் வண்டியிலிருந்து கழன்றதோ பாவம்... எத்தனை பேர் கைக்கு இதே கம்ப்ரசர் போய் வந்ததோ!

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குப் பெருமை. முடியவில்லை. சாவியைத் தேவராஜ் கையில் வைத்த மோகன், என்னைப் பார்த்து மெதுவாக, ஆனால் அவன் காதில் விழும்படி சொன்னார்.

"உங்களுக்குன்னு எட்த்து வெச்சத நீங்களே வேணாம்னா... நான் இன்னா பண்றது, தலைவரே?"

வண்டியைக் கூட்டி வருகிறவனுக்கு பில்லில் ஒரு பங்கு. ஒர்க்‌ஷாப்புகளில் எழுதாத சட்டம் இது. டிரைவர், புரோக்கர், பக்கத்து வீட்டு நண்பர் – யார் கூட்டி வந்தாலும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள். தேவராஜும் டிரைவர். அவனுக்குத் தெரியாதா?

எனக்கு யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. அவனிடமும் அதைச் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நம்புவது அவரவர் இஷ்டம்.

வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. அப்புறம் தேவராஜ் கேட்டான்.

"அண்ணாத்த, கோச்சிக்காத. இந்த எடத்துக்கு இட்டுனு வந்தது நீதான?"

"நான்தான்."

"அவன் இன்னா செய்வான்னு உனுக்கு முன்னாலயே எப்டித் தெரியும்?"

"தெரியாது மச்சான். சந்தேகம்தான்."

"ம்..." என்றான். அந்த 'ம்'முக்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மீட்டர் கிடையாது.

சனிக்கிழமை சவாரி நல்லபடியாக முடிந்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டல் வாசல் வரை வண்டி ஜில்லென்று வந்ததாம். இனி எல்லா சவாரியும் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஸ்டாண்டுக்காரர்கள். தேவராஜ் வரவில்லை. நானும் போகவில்லை.

நேற்றுத்தான் வந்தான். வாசலில் நின்றுகொண்டே, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்.

"அண்ணாத்த, வண்டிய வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டி செக் பண்ணிட்டேன். ரிங்கு மட்டுந்தான் புச்சாம். கம்ப்ரசர் பழசுதானாம். நீ சொன்னது கரீட்டு. உன் மேல பூரா நம்பிக்க வந்துட்ச்சி."

எனக்கும் மனசு லேசானது. உள்ளே வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். அவன் பாதி டீ குடிக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் கேட்டேன் –

"அது சரி மச்சான்... அந்த ஒர்க்‌ஷாப்புக்கு உன்ன யாரு இட்டுனு போனது?"