மூன்றாம் ஓலையன்று நான் பேசிய இங்கிலீஷ்

எனக்குப் பத்து வயதில் இங்கிலீஷ் வந்துவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் வராததால், ‘உனக்கு வரவில்லை’ என்று சொல்ல ஆளில்லை.

நாகர்கோவிலில் நான் படித்த பள்ளியில் இங்கிலீஷ் சொல்லித்தந்த மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒரு சொல் கொடுப்பார். ஏழு நாளும் அதை வீட்டிலும் தெருவிலும் பொருத்திப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஒரு ஆனி மாதம் எங்களுக்குக் கிடைத்த சொல் ‘ஃபிக்கிள்’. நிலையில்லாமல் மாறிக்கொண்டிருப்பது என்று பொருள். அதன் உறவுக்காரர்களாக ‘வேரியபிள்’, ‘சேஞ்சபிள்’ என்று இன்னும் இரண்டு. காற்றுக்கு முன்னது போதும், வானத்துக்குப் பின்னது பொருந்தும், ஃபிக்கிளை மனிதர் மனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது குறைசொல்லும் வார்த்தை, பார்த்துப் பேசுங்கள் என்றார். கடைசியில் சொன்னது மட்டும் என் காதில் ஏறவில்லை.

மாறுகிற வானத்துக்குக் குறைவில்லை. வெயிலும் சாரலும் மாறிமாறி வந்ததில், அவித்த நெல்லைக் காயப்போட்ட அம்மா ஒரே பகலில் நான்கு தடவை பாயைச் சுருட்டினாள். மனிதர்தான் அகப்படவில்லை. அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அம்மாவோ அப்பா சொன்னதைத்தான் சொல்வாள்.

அப்போது எங்களோடு இருந்த சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்தி அம்மாவின் தங்கை, தகப்பன் இல்லாதவள். தேயிலைத் தோட்டத்துக் கிளார்க் ஒருவரை அப்பாதான் பார்த்து முடித்தார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் எல்லோர் முன்னாலும் கேட்பார். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். தடை சொல்லி யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள் மத்தியானம், சித்தி கிணற்றடியில் அழுதுகொண்டிருந்தாள்.

“இந்தக் கல்யாணம் வேண்டாம் மக்கா. எனக்க மனசு மாறிப்போச்சு.”

“அப்பாகிட்ட சொன்னியளா?”

“அக்காளை விட்டுச் சொல்லிப் பாத்தேன். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, இனி என்ன மனசுன்னு அத்தான் கேக்காரு.”

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், மிஸ்ஸியம்மாவின் சொல்லுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் இருந்தது.

மறுநாள் ஐயர் ஓலையை வாசித்துவிட்டு, “தடை உண்டோ?” என்று கேட்டார். பெரியவர்கள் பேச்சில் தமிழில் குறுக்கிட்டால் அடி விழும், இங்கிலீஷில் பேசினால் மெச்சுவார்கள். அதுவரை நான் கண்டது அதுதான். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன்.

“சர், மை ஆன்ட் இஸ் ஃபிக்கிள். ஷி டஸ் நாட் வான்ட் தி மேரேஜ்.”

ஆண்கள் பக்கத்தில் அப்பாவின் முகம் மலர்ந்தது. இங்கிலீஷ் தெரியாத அந்த மனிதர், பார்த்தீர்களா என் மகளை என்பதுபோல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மணவாட்டிக்கா மனசு மாறிப்போச்சு?” என்று தமிழில் கேட்டார். அப்பாவின் கழுத்து பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் ஐயர் சித்தியை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அப்பா வெளியே என்னிடம், “ஏட்டி, நீ வீட்டுக்கு வா” என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்குப் புரிந்துவிட்டது. சித்தி வெளியே வந்தாள். கல்யாணம் நின்றது.

எனக்குப் புளிய விளாரால் அடி விழுந்தது. பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே, சித்தியைக் காப்பாற்றியவள் நான் என்று மிதப்பாகத் திரிந்தேன். சித்தியின் நிலைமை வேறு. மனம் நிலையில்லாதவள் என்ற பேச்சு வடசேரிச் சந்தை வரைக்கும் போயிற்று. வேறு சம்பந்தம் வரவில்லை. அப்பா இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை படிக்கப் போய், அங்கேயே இருந்துவிட்டாள்.

எனக்கு ஓலை வாசிக்கும் காலம் வந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு உங்கள் மனசு ஏன் மாறிற்று என்று அப்போதுதான் கேட்டேன். சித்தி சிரித்தாள்.

“மாறணும்னா மொதல்ல செரின்னு சொல்லியிருக்கணும்லா மக்கா. என்கிட்ட ஆரு கேட்டா? கதவைச் சாத்திட்டு ஐயர் கேட்டாருல்லா, அதுதான் மொதத் தடவை.”

“பின்னே ஏன் மாறிப்போச்சுன்னு சொன்னிய?”

“கேக்கவே இல்லைன்னு சொன்னா குத்தம் அத்தானுக்கு. சோறு போட்ட மனுசன். மாறிப்போச்சுன்னா குத்தம் எனக்குத்தானே.”

அவள் தானாக எடுத்துச் சுமந்த அந்தக் குற்றத்தை, இங்கிலீஷில் பெயர் வைத்துச் சபையறியச் சொன்னவள் நான் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.