போன் எடுக்காத கை

வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த கடைசி நாட்களில், என் தம்பிக்குத் தெரிந்த ஒரே கனடா நம்பர் என் கணவருடையது. நான் அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் "அத்தான்ரை நம்பருக்கே எடு" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவருக்குக் கசினோப் பழக்கம் உண்டு. அந்த மாதம் விட்டுவிட்டதாகப் பிள்ளையாருக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் றோட்டில் நின்று செய்த ஆர்ப்பாட்டத்துக்கு என்று வெளிக்கிட்டார். நானே திருநீறு பூசிவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது, எடுக்காத அழைப்புகள் அவருடைய போனில் கிடந்தன. எல்லாம் தம்பி எடுக்கும் அதே நீளமான நம்பர். திருப்பி எடுத்தேன், போகவில்லை.

"சனம் கத்தின சத்தத்திலை கேக்கேல்லையப்பா."

நம்பினேன். மறுநாள் தோய்க்க எடுத்த அவருடைய காற்சட்டைப் பையில், கசினோ பஸ்ஸில் கொடுக்கும் சாப்பாட்டுக் கூப்பன். அந்தச் சனிக்கிழமைத் திகதி. அவர் முன்னால் வைத்தேன்.

"மெஷின் காசு கொட்டப்போற நேரமப்பா. போனோடை வெளியிலை போனால் வேறை ஒருத்தன் வந்து இருந்திடுவான்."

"கொட்டினதோ?"

அவர் கூப்பனை எடுத்துக் கசக்கினார்.

தம்பி பிறகு எடுக்கவேயில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த அவனுடைய சிநேகிதன்தான் அவன் செத்ததைச் சொன்னான். ஸ்காபரோவில் எங்கள் கோயிலில் கிரியை வைத்தோம். என் கணவர் வேட்டியோடு, கிரியை செய்ய ஐயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எனக்குப் பிள்ளை மாதிரி ஐயா. அவனுக்காகத்தானே றோட்டிலை நிண்டனான்."

எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். அதுவரை நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

"ஐயா, இவரை எழுப்புங்கோ. இவர் றோட்டிலை நிக்கேல்லை, கசினோவிலை இருந்தவர். என்ரை தம்பி எடுக்க எடுக்க, மெஷினை விட்டு எழும்பாமல் இருந்தவர். இப்ப எழும்பட்டும்."

"வீட்டை போய்க் கதைப்பமப்பா. சனம் பாக்குது."

"பாக்கட்டும். சனத்துக்குத்தானே சொல்லுறன்."

ஐயர் இவருடைய விரலில் இருந்த தர்ப்பையைக் கழற்றச் சொன்னார். அர்ச்சனைக்கு வந்திருந்த ஒரு மட்டக்களப்பு அண்ணை, எங்களுக்கு உறவே இல்லாதவர், தானாக வந்து உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். இவர் செருப்பு கழற்றும் இடத்தில் தனியே நின்றார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோயிலில் நின்று அப்படி நினைக்கலாமோ தெரியாது, குளிர்ந்தது உண்மை.

இன்னும் கசினோவுக்குப் போகிறார். சோறு போட்டுத்தான் வைக்கிறேன். அவருக்காகப் பிள்ளையாரிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த மெஷின் அவருக்கு ஒருநாளும் கொட்டக்கூடாது. போவது என் வீட்டுக் காசு என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.