ஹீற்றர் மூடிக்குள் இருந்தது

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடி வீட்டில் எட்டு வருசம் குடியிருந்தும், மகளின் அறை ஹீற்றரின் மூடியை அகஸ்ரின் ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை. கழற்றலாம் என்பதே அவருக்குத் தெரியாது. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி ஓடும் நீளமான தகரப் பெட்டி அது. குளிர் தொடங்கினால் சுடும், வெயில் வந்தால் ஆறிவிடும். அதற்குமேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த வீட்டுக்கு வந்தபோது செரீனாவுக்குப் பதினொரு வயது. முதல் மாரிக் குளிரிலேயே பிள்ளைக்கு மூச்சு முட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. டாக்குத்தர் சோதித்துப் பார்த்து, தூசியும் பூனை மயிரும் ஆகாது என்றார். வீட்டில் பூனை இல்லை, ஆகவே தூசியோடு மல்லுக்கு நின்றார்கள். கார்ப்பெற்றைக் கிளப்பினார்கள். கரடிப் பொம்மைகளைக் கொண்டுபோய் எறிந்தார்கள். மெத்தைக்கு ரப்பர் உறை போட்டார்கள். அகஸ்ரினுக்கு மிசிசாகாவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. தூசி எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று இவருக்குத் தெரியாததா என்று எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

போன பெப்ரவரியில், ஒரு ஞாயிறு பின்னேரம், படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே செரீனாவுக்கு மூச்சு அடைத்தது. மூச்சுப் பம்ப் அடித்தும் கேட்கவில்லை. அம்புலன்ஸ்காரர் மேலே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

அறையை அப்படியே விட்டிருந்தார்கள். ஒக்ரோபரில் கட்டட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சூடு விடப்போகிறோம், ஹீற்றருக்குக் கிட்ட இருக்கும் சாமான்களை விலத்தி வையுங்கள் என்று. மனைவி ஜோசப்பின் வேலைக்குப் போயிருந்தாள். அகஸ்ரின் மகளின் கட்டிலை இழுத்தார். கட்டில் கால் பட்டு, தகர மூடியின் ஒரு கரை கிளம்பிக்கொண்டது. திருப்பி அழுத்திப் பார்த்தார், பொருந்தவில்லை. முழுதாகக் கழற்றினார்.

உள்ளே சுடுதண்ணிக் குழாயைச் சுற்றி, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகத் தகடுகள் இருந்தன. ஆனால் ஒரு பல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த கம்பளி ஒன்றைப் போர்த்தியது போலக் கிடந்தது தூசி. பிடித்து இழுக்க, பாளமாக உரிந்து வந்தது. அதற்குள் முழுக்க மஞ்சள் மயிர். குட்டையான, மெல்லிய மயிர். அடியில், சின்ன மணி கோர்த்த ஒரு பூனைக் கழுத்துப்பட்டி.

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். இந்த வீட்டில் முந்தி யார் இருந்தார்கள் என்று எட்டு வருசத்தில் ஒருதரம்கூட அவர் கேட்டதில்லை.

பிறகு எழும்பி வேலை செய்தார். வக்கூம் மெஷினில் ஒடுங்கிய மூக்கைப் பூட்டி உறிஞ்சினார். போத்தல் கழுவும் பிரஷ்ஷால் ஒவ்வொரு தகட்டிடையாகத் தேய்த்தார். ஈரத் துணியால் துடைத்தார். கழுத்துப்பட்டியைப் பையில் சுற்றிக் குப்பைக் குழாய்க்குள் போட்டார். ஜோசப்பின் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தூசி தட்டினேன் என்று மட்டும் சொன்னார்.

டாக்குத்தரிடம் தனியே போய்க் கேட்டார். அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் அவர். கட்டட அலுவலகத்தில் கேட்க, நீங்கள் வருமுன்னரே வீடு துப்புரவாக்கப்பட்டது என்று கொம்பியூட்டரில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் மாடி அனோஜாவுக்கு இரண்டு வயதுப் பிள்ளை இருந்தது. அகஸ்ரின் வலியப் போய், உங்கள் ஹீற்றரைத் திறந்து துடைத்துத் தரட்டா என்று கேட்டார். அவள் சொல்லி வேறு வீடுகளும் கூப்பிட்டன. லீவு நாட்களில் பிரஷ்ஷும் மெஷினுமாக மாடி மாடியாக ஏறி இறங்கினார். ஒரு வீடு முடித்து வெளியே வரும்போதும் நெஞ்சு லேசாகவில்லை. இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் எந்த வீடும் எடுக்கவில்லை. எட்டு வருசத்தில் ஒருநாள் செய்திருக்கக்கூடிய ஒரு மணித்தியால வேலைதான் அது.

ஏன் அண்ணை இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று அனோஜா ஒருநாள் கேட்டபோது, வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவள் அதை லிப்ற்றுக்குள் ஜோசப்பினிடம் இரங்கிக் கதைத்துவிட்டாள்.

ஜோசப்பின் சப்பாத்தும் கழற்றாமல் வந்து, குசினி மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அழவில்லை.

"அதுக்குள்ள பூனை மயிர் இருந்ததோ?"

"ஓம்."

"நான் அந்த மூடிக்கு மேலதான் பிள்ளையின்ர தலையணை உறையைக் காயப்போடுறனான். ஒவ்வொரு கிழமையும்."

அகஸ்ரினுக்கு அது தெரியாது. அவர் அவளின் தோளைத் தொடப் போனார். அவள் விலகினாள்.

"உமக்குத் தெரியாதுதானே, ஜோசப்பின். எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியாது. நீங்கள் இருவது வருசமா உந்த வேலைதானே செய்யிறியள்."

அவள் சொன்னதைத்தான் அவரும் ஒக்ரோபரிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாயால் கேட்டபோது அது தீர்ப்பாகிவிட்டது.

அன்றைக்கே ஜோசப்பின் தன் போர்வையை எடுத்துக்கொண்டு செரீனாவின் அறைக்குள் போனாள். சூட்டை நிற்பாட்டி வைத்தாள். ஜனவரிக் குளிரில் கதவுக்குக் கீழால் குளிர்காற்று வந்தது. திறக்கச் சொல்லி அகஸ்ரின் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் தட்டவில்லை. அனோஜா இன்னொரு வீட்டு ஹீற்றரைத் துடைக்கக் கேட்டு ரெலிபோன் எடுத்தபோது, தனக்குச் சுகமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.