பஸ்தியான் அங்கிளுக்காகக் கூவிய சேவல்

சகலருக்கும் இத்தால் அறியத் தருவது: வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் நேற்று அதிகாலை தொடக்கம் சேவல் ஒன்று பதவியேற்றுள்ளது. வாழ்த்த விரும்புவோர் விடிய முன்னர் வரவும். அதற்குப் பிறகு அது தூங்கிவிடும். நாங்கள்தான் விழித்திருப்போம்.

அது கூவியதும் என்னோடு சேர்ந்து ஒரு பழைய கோபமும் எழும்பி உட்கார்ந்துகொண்டது...

யுத்த காலம். கொழும்பில் கொட்டாஞ்சேனை. தவக்காலத்துக் கோயிலின் மெழுகுதிரி வாசமும் வியர்வை வாசமும் இப்போதும் மூக்கில் நிற்கின்றன. எனக்குப் பதினைந்து வயது. வாய் மட்டும் இருபத்தைந்து.

பஸ்தியான் அங்கிளின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா டீச்சர். அங்கிள் கோயிலில் வாசகம் வாசிப்பவர். அவர் வாசித்தால் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து தூங்குபவனும் எழும்புவான்.

அண்ணன் ஜெயன் யாழ்ப்பாணத்தில் படித்து முடித்து, வேலை தேடி எங்களிடம் வந்திருந்தான். புதிதாக யார் வந்தாலும் வீட்டுச் சொந்தக்காரர் பொலிஸில் பதிய வேண்டும். அங்கிளோ, "நாளைக்குப் போவம் டீச்சர், நாளைக்குப் போவம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாளைக்கு முன்னால் ஜீப் வந்துவிட்டது.

அண்ணனை வாசலில் நிறுத்தி, இவனைத் தெரியுமா என்று அங்கிளிடம் கேட்டார்கள். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரித்தான். முதல்நாள்தான் அவருடைய தண்ணீர் மோட்டரைத் திருத்திக் கொடுத்திருந்தான்.

"தன்னே நே சேர்."

தெரியாதாம்! அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா பொலிஸுக்கு ஓடினாள். வீட்டுக்காரன் வந்து சொன்னால் விடுகிறேன் என்றார் அங்கிருந்த பொலிஸ் பெரியவர். ஒரு வசனம். அவ்வளவுதான் தேவை. அங்கிள் கதவைப் பாதி திறந்து நின்றபடி, "பதியேல்ல எண்டு என்னையும் உள்ளுக்குப் போட்டுடுவாங்கள் டீச்சர்... கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றார்.

கர்த்தருக்கு அந்தப் பொலிஸில் யாரைத் தெரியும்?

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பாதர், யுத்தம் வந்தது நம் பாவங்களால்தான், மனந்திரும்புங்கள் என்றார். எனக்கு உச்சியில் ஏறியது. பூசை முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"பாதர், எங்கட அண்ணா செய்த பாவம் என்ன?"

"எல்லாரும் பாவிகள்தான் மகன்."

"அப்ப ஏன் பாதர் அவன் மட்டும் உள்ளுக்கு?"

பதில் எனக்குத் தெரியும். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போனதால் அண்ணனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னுடையதில் கொழும்பு. ஜென்மப் பாவத்தை ஞானஸ்நானம் கழுவும். பிறந்த இடத்தை எந்தத் தண்ணீர் கழுவும்?

மறுநாளே என் ஊழியத்தைத் தொடங்கினேன். விடியற்காலையில் அங்கிளின் ஜன்னலுக்குக் கீழே நின்று... கொக்கரக்கோ! இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்த பேதுருவை அழவைத்த சேவலைத் தெரியாத கத்தோலிக்கன் கொட்டாஞ்சேனையில் இல்லை. ஒழுங்கையே புரிந்துகொண்டது. அம்மா காதைத் திருகினாள்.

"விசரே உனக்கு? அந்த மனுசன்ர வாயாலதான் அண்ணா வெளியில வரவேணும்!"

"அதுக்குத்தானம்மா கூவுறன்."

குருத்து ஞாயிறுக்கு முதல்நாள் அங்கிள் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கிள், பாவத்துக்குப் பரிகாரமா பாதர் எத்தினை 'அருள்நிறைந்த மரியே' சொல்லச் சொன்னவர்?"

"வாயைப் பொத்தடா."

"அப்பிடியே பொலிஸுக்கும் ஒருக்காப் போயிட்டு வாங்கோவன். அங்க கியூகூட இல்ல."

அவர் வேகமாக நடந்தார். கடவுளிடம் கணக்கை முடித்துவிட்டாராம். அடி வாங்குகிறவன் கடவுளா, என் அண்ணனா?

குருத்து ஞாயிறன்று ஆண்டவரின் பாடுகளை ஆளுக்கொரு பங்காக வாசிப்பார்கள். பேதுருவின் பங்கு வருடா வருடம் அங்கிளுக்குத்தான். நான் பாடகர் மாடத்தில் ஏறி ஒளிந்துகொண்டேன். முதல் மறுப்பு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு அவர் வாயெடுக்கும்போது, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து... கொக்கரக்கோ!

கோயிலே திரும்பிப் பார்த்தது. அங்கிள் புத்தகத்தை மூடினார். பீடத்திலிருந்து இறங்கினார். குருத்தோலைகளுக்கு நடுவே நடந்து, நேரே பொலிஸுக்கே போய்விட்டார். அம்மா பின்னால் ஓடினாள்.

"தன்னவா சேர். அபே லமயா." தெரியும், எங்கள் பிள்ளை என்றாராம். பதியாததற்காக அவரைப் பின்னேரம்வரை இருத்தி வைத்து, ஏசி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தான், சுவரைப் பிடித்துப் பிடித்து. இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, சரி. காதுக்கு?

இப்போது அந்த ஒழுங்கைக்கு ஜீப் வருவதில்லை. இவனைத் தெரியுமா என்று யாரும் வாசலில் நின்று கேட்பதும் இல்லை. அங்கிள் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் கனடாவில், போனை வலது காதில் வைத்து என்னோடு கதைக்கிறான். நானோ, ஒரே கூவலில் ஒரு மனுசனை மனந்திரும்ப வைத்த கதையை எல்லா பார்ட்டியிலும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறேன்.

ஆனால்... எப்படிச் சொல்வது... கூச்சமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மாடத்தில் நான் கூவவேயில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. அவ்வளவு சனம், அவ்வளவு அமைதி. பயந்துவிட்டேன். மூன்றாவது முறை சொல்ல வேண்டிய இடத்தில் அங்கிள் நின்றார். பெண்கள் பக்கம் இருந்த அம்மாவைப் பார்த்தார். தானாகவே புத்தகத்தை மூடினார்.

கோபம் இன்னும் போகவில்லை. நான்தான் அவரைத் திருத்தினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அதை வைத்திருப்பது சுலபமாக இருந்தது. அந்த மனுசன் தானாகவேதான் திரும்பினார் என்று எழுதிய பிறகு... கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.