பச்சை போட்டவர்கள் எல்லாம் ரைசா

பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில் ஓர் ஏற்றுமதி ஆர்டர் ரத்தானால் அடுத்த வாரம் அந்த ஆர்டரைத் தெருவே போட்டுக்கொண்டு திரியும். வெளிநாட்டுக்காரன் நிறம் சரியில்லை என்று வேண்டாமென்ற சட்டையை மண்ணரை ஒருநாளும் வேண்டாமென்றதில்லை. போன சித்திரை வெயிலில் டீக்கடைக்காரர் முதல் கோயில் பூசாரி வரைக்கும் பனியில் மான் ஓடுகிற சிவப்புச் சட்டையில்தான் இருந்தார்கள். பூசாரியின் நெஞ்சில் ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதியிருந்தது. யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது சாமி என்று மட்டும் சொல்லி வைத்தார்கள்.

இந்தத் தெருவில்தான், நொய்யல் பாலத்துக்கு நாலு வீடு தள்ளி, பசீர் அகமது இருக்கிறார். கம்பெனிகளில் மிஞ்சிப்போகும் துணியை, சட்டையை, வாங்குகிற ஆளோடு சேர்த்துவைக்கும் புரோக்கர். ஆள் தெரிவதுதான் அவர் தொழில். அந்தத் தொழிலில் இருப்பவருக்குப் போன வருஷம் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கைகால் விழவில்லை, பேச்சுக் குளறவில்லை. முகங்கள் மட்டும் போய்விட்டன. கண் தெரியும், மூக்கு தெரியும், மீசை தெரியும். மூன்றையும் கூட்டினால் யார் என்பதுதான் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சவரக் கண்ணாடியில் நின்ற ஆளுக்கே சலாம் சொன்னார்.

குரல் கேட்டால் ஆளைப் பிடித்துவிடுவார். அதனால் யாரைக் கண்டாலும், “வாங்க, சௌக்கியங்களா? ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று தொடங்குவார். எதிராளி வாயைத் திறந்ததும் யாரென்று தெரிந்துவிடும். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் இப்படித்தான் விசாரிப்பார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீக்கு வந்ததிலிருந்து பாய்க்கு மரியாதை கூடிவிட்டது என்று தெருவே மெச்சியது.

மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில். சொந்தக்காரர் கல்யாண மண்டபத்தில், உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் ரைசா எதிரே வந்து நின்றாள். அத்தாவே முதலில் பேசட்டும் என்று சிரித்துக்கொண்டு நின்றாள். கறுப்புப் பர்தாவில் யாரோ ஒரு பெண் என்று நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் அத்தாவோடு பேசுவதில்லை. அம்மாவிடம்தான் போனில் சொன்னாள்: “திங்கட்கிழமை வர்றேன். ஏன் அப்படிப் போனீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும். பஸ் ஸ்டாப்புக்கு அவரே வந்து என்னைக் கூப்பிடணும். இல்லீனா அடுத்த பஸ்ல திரும்பிருவேன், அப்புறம் அந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்.”

“சொல்லிருங்களேன் அவகிட்ட,” என்றார் மனைவி அஜீஸுன்னிசா.

“என்னன்னு சொல்றது? பெத்த பொண்ணு மூஞ்சி தெரியலீன்னா? அதுக்குத் திமிர் புடிச்சவன்னே நெனச்சுக்கட்டும்.”

அஜீஸுன்னிசா யோசித்தார். வீட்டில் கிளிப்பச்சையில் ஒரு சாம்பிள் துணி கிடந்தது. கண்ணைக் குத்துகிற பச்சை, உலகத்தில் எவரும் விரும்பிப் போட முடியாதது. அதில் தோளில் போட ஒரு சால் தைத்து, உடுமலைக்குப் போனவர் கையில் கொடுத்தனுப்பினார். வரும்போது இதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும், அத்தா ஆசைப்படுகிறார் என்று போனிலும் சொன்னார். பச்சையைக் கண்டால் கூப்பிட வேண்டியது, அவ்வளவுதான் வேலை. பசீர் பாய்க்கு மனசு லேசாகிவிட்டது.

அந்தத் துணி ரத்தான ஆர்டரின் துணி என்பதும், அந்த ஆர்டரின் சட்டைகளைக் கிலோக் கணக்கில் தெரு வியாபாரி தவசிக்குக் கைமாற்றி விட்டதே தான்தான் என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை. தவசி ஞாயிற்றுக்கிழமை சந்தில் தார்ப்பாய் விரித்து மொத்தத்தையும் விற்றுத் தீர்த்திருந்தான்.

திங்கட்கிழமை காலை பசீர் பாய் பஸ் ஸ்டாப்புக்குத் தனியாகப் போனார். முதல் டவுன் பஸ் வந்தது. இறங்கிய கும்பலில் பச்சை தெரிந்தது.

“ரைசா கண்ணு, வா வா.”

“நாந்தாண்ணே, சின்னத்தாய்.” செக்கிங் வேலைக்குப் போகிறவள், சேலைமேல் பஞ்சு ஒட்டாமலிருக்கச் சட்டையை மாட்டியிருந்தாள். “ரைசா வருதா? நல்லதுண்ணே. ஆமா, உம்ம புள்ளைக்கு எப்பண்ணே இம்புட்டு வயசாச்சு?”

அவர் சிரித்துச் சமாளித்தார். திரும்பினால் பூக்கடை ஓரம் இன்னொரு பச்சை.

“ரைசா?”

“க்யா சாச்சா?” என்று இந்தியில் என்னவென்று கேட்டது அந்த வடக்கத்திப் பெண். பின்னால் நின்ற அவளுடைய தோழிகளும் திரும்பினார்கள். எல்லாரும் பச்சை.

பசீர் பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டார். மறுபடியும் தலைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதோ என்று பயந்தார். முதலில் முகம் போயிற்று, இப்போது நிறமும் போய் எல்லாமே பச்சையாகத் தெரிகிறதோ? பச்சை டீ குடித்தது. பச்சை பஸ்ஸில் தொங்கியது. பச்சை அவரை உரசிக்கொண்டு, “என்ன பாய், ஓரமா நில்லுங்க,” என்று சைக்கிளில் போனது. வானத்தைப் பார்த்தார், அது மட்டும் வழக்கம்போல இருந்தது. இதில் எது மகள்? கூப்பிடாமல் விட்ட பச்சைதான் அவளென்றால்? அடுத்த பஸ்ஸில் அவள் ஏறிப் போய்விட்டால்? ஒன்றையும் விடக் கூடாதென்று முடிவு செய்து, இங்கே ஒரு ரைசா, அங்கே ஒரு ரைசா என்று எல்லாப் பச்சையையும் கூப்பிட்டார். தலையில் துணி போர்த்தி அந்தப்புறம் திரும்பி நின்ற பச்சையின் தோளைத் தொட்டு, கொஞ்சுகிற குரலில், “ரைசா, கோவமா கண்ணு?” என்றார்.

அயர்ன் மாஸ்டர் பாண்டித்துரை துண்டை விலக்கித் திரும்பினார். அவர் மீசை ஊரறிந்தது.

“எனக்கென்ன பாய் கோவம்? அத்தனை ஆசையா கூப்பிடுறீக, வீட்டுக்கு வந்து ஒரு வாய் பிரியாணி தின்னுட்டுப் போகவா?”

டீக்கடையே சிரித்தது. பசீர் பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கையில் ஒன்றுமில்லாதவர்போல நின்றார். பாண்டித்துரை அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க பாய். என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லீங்க. எம்பொண்ணு வருது.”

வாழைப்பழ வண்டியோரம் கறுப்புப் பர்தாவில் ஒரு பெண் முதல் பஸ் வந்ததிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு பை. முதலில் கைகட்டி விறைப்பாக நின்றவள், பாண்டித்துரையை அவர் தொட்டபோது கையை இறக்கிவிட்டிருந்தாள். அவள் மேல் பச்சை ஒரு நூல்கூட இல்லை. அதனாலேயே அவளிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து போனார்.

“ஏம்மா, பச்சை சால் போட்டுட்டு எம்பொண்ணு இங்க எறங்குச்சுங்களா? பாத்தீங்களா?”

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணில் நீர் வந்தது. ஆளை விசாரித்ததற்கு ஏன் ஒரு பெண் அழவேண்டும் என்று பசீர் பாய்க்குப் புரியவில்லை. மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார். அவள் பையைத் திறந்து அடியில் கையை விட்டு, மடிப்புக் கலையாத கிளிப்பச்சைச் சால் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்தார். காலையிலிருந்து பச்சையை நம்பி அவர் பட்டது போதும்.

“நீங்களும் தவசிகிட்ட வாங்குனீங்களாம்மா?”

“இல்லீங்க அத்தா,” என்றாள் அவள். “அம்மா குடுத்துவுட்டது. கோவத்துல போடாம வந்தேன்.”

அந்தக் குரலுக்குச் சட்டை வேண்டியதில்லை. பசீர் பாய் வாழைப்பழ வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

“மண்டபத்துலயும் இப்படித்தானுங்களா?”

“ஆமா கண்ணு.”

“அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?”

ரைசா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். “மீசைக்காரரைப் போயி எம்பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களே. என்னை என்னன்னு நெனச்சீங்க?”

“தோள் கொஞ்சம் அகலமாத்தான் இருந்துச்சு,” என்று ஒப்புக்கொண்டார். “உடுமலைத் தேங்காய்ல உடம்பு தேறிருச்சுன்னு நெனச்சேன்.”

பின்னாலிருந்து பாண்டித்துரை குரல் கொடுத்தார்: “பாய், அப்ப எனக்குப் பிரியாணி கெடையாதா?”

“உண்டுங்க, வாங்க,” என்றாள் ரைசா.

வீட்டுக்குப் போகப் பாலத்தைத் தாண்டவேண்டும். கம்பெனிக்குப் போகிற கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. பாதிக்குமேல் பச்சை. பசீர் பாய் இந்த முறை ஒரு பச்சையையும் கூப்பிடவில்லை. மகளுடைய சாலின் நுனியை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டே நடந்தார்.