பையோடு நட்ட மாங்கன்று

மாட்டெருவும் உப்புக் காற்றும் கலந்த மணம் எங்கேனும் மூக்கில் ஏறினால் போதும், நான் மறுபடி மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுவேன். தில்லையடியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து இரண்டு மாணவிகள் பயிற்சி ஆசிரியைகளாக வந்து, "தோட்டப் பாடம்" என்று எங்களை வெயிலில் இறக்கி, மண் கொத்தவும் பாத்தி கட்டவும் எருப் போடவும் பழக்கினார்கள். அவர்களில் நிஸ்ரின் டீச்சர் என்றால் எனக்கு உயிர். அவர் ஒருநாள் ஆளுக்கொரு மாங்கன்றைக் கறுப்புப் பையோடு தந்து, "வீட்டில நடுங்க. தவணை முடிய முந்தி ஒவ்வொரு வீடா வந்து பார்ப்பன்" என்றார்.

வீடா? எங்களுக்கு ஏது வீடு! யுத்த நேரம் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த எங்கள் ஆட்கள், இங்குள்ள ஒரு ஹாஜியாரின் தென்னங்காணியில் ஓலைக் கிடுகுக் குடிசைகள் போட்டிருந்தார்கள். நான் பிறந்ததே அங்கேதான். கன்றைக் கண்டதும் வாப்பாவின் முகம் மாறிவிட்டது. "பிறத்தியார் காணி மகள். கத்தரி, மிளகாய் வைக்கலாம். மரம் வச்சா, காணி புடிக்கப் பார்க்கிறாங்க எண்டு கதை வரும்." உம்மாவோ அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நாங்க என்ன இங்கயே கிடக்கவா போறம்? ஊருக்குப் போய் வைக்கலாம்" என்றார். அந்த அகதி முகாமில் எந்தக் குடிசை வாசலிலும் ஒரு மரக்கன்று இருந்ததில்லை.

கன்றைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "நட்டாச்சா?" என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம் "ஓம் டீச்சர்" என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் காணியில்லை என்று வகுப்பே சிரிக்கும். நட்டால் ஹாஜியார் எங்களைக் காணியை விட்டே எழுப்பிவிடுவார். எந்தப் பக்கமும் அசைய முடியாமல், சோறுகூட இறங்காமல் திரிந்தேன்.

டீச்சர் வருகிற நாளில், வாசலில் குழி தோண்டிக் கன்றைப் பையோடே இறக்கி மண்ணால் மூடினேன். அவர் போனதும் தூக்கிவிடலாமாம், என் மூளை அப்படி! வந்தவர் தண்டைப் பிடித்து ஆட்ட, பையின் விளிம்பு வெளியே வந்துவிட்டது. "அடி பைத்தியம், பையோட வச்சா வேர் எங்க போகும்?" என்று சிரித்து, பையைக் கிழித்து, தானே ஒழுங்காக நட்டுத் தண்ணீரும் ஊற்றினார். வாப்பா பிளேன்டீக் கோப்பையோடு இளித்துக்கொண்டு நின்றார். வீடு தேடி வந்த டீச்சரிடம் என்னத்தைச் சொல்வது?

டீச்சர் போனதும் வாப்பா பிடுங்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, தேங்காய் பறிக்க ஆளோடு ஹாஜியார் வந்துவிட்டார். கன்றைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். நான் உம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

"ஆடு திண்டுடும். நாலு கம்பு ஊண்டிக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உம்மாதான் நிலத்தில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதார். "மரமும் வச்சாச்சு. இனி எங்க ஊருக்குப் போறது?"

கிடுகுக் குடிசைகள் இன்று இல்லை, கல்வீடுகள் வந்துவிட்டன. வாப்பாவும் இல்லை. போன மாதம் உம்மாவை மன்னாருக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீடு இருந்த தடயமே கிடையாது, கிணறும் தூர்ந்துவிட்டது. பற்றை மண்டிய எங்கள் வளவின் நடுவில் யாரோ புதிதாக ஒரு தென்னம்பிள்ளை வைத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "புடுங்கி எறியவா உம்மா?" என்று குனிந்தேன்.

உம்மா என் கையைத் தட்டிவிட்டார். "விடு மகள். வைக்க வேற இடமில்லாத ஆரோதான் வச்சிருக்கும்."